வலது தோளுக்கு மேலே

“அக்கா, உங்கப்பா யாரைப் பாக்குறாரு?” என்று கேட்டான் கடைக்காரப் பையன் சுரேஷ்.

கேட்டவுடன் அமுதவல்லி தன் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் ஃபிளெக்ஸ் கடையின் சுவர்தான் இருந்தது. அதில் யாருடைய கல்யாண பேனரோ சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்கே சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படத்துக்காக யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?

அவர்கள் வீட்டில் பார்ப்பார்கள். அது எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். அப்பா சிவப்பிரகாசம் எதிரே வந்து நின்று பேச ஆரம்பித்தால் அவர் கண் உங்கள் முகத்தில் இருக்காது. உங்கள் வலது தோளுக்குக் கொஞ்சம் மேலே, அங்கே யாரோ வந்து நிற்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் யாரென்று திரும்பிப் பார்ப்பீர்கள். யாரும் இருக்க மாட்டார்கள். இப்படி வாழ்நாளெல்லாம் ஏமாந்தும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியதில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில், உப்பளத்து வரப்பில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். நாளை மறுநாள் காரியம். அன்று காலையில் படத்திறப்பு. பந்தலில் நாற்காலி போட்டு, அதில் படத்தை வைத்து, வெள்ளைத் துணியால் மூடியிருப்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் துணியை விலக்குவார். எல்லோரும் பூப்போட்டுக் கும்பிடுவார்கள். அதன் பிறகு அந்தப் படம் வீட்டுச் சுவரில் ஏறிவிடும். அதற்காகத்தான் வீட்டிலிருந்த எல்லாப் படங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கடைக்கு வந்திருந்தாள் அமுதவல்லி.

“எல்லாத்துலயும் இப்படித்தான்க்கா இருக்காரு. நேரா பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதை வெச்சா நல்லா இருக்காது,” என்று சுரேஷ் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினான். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ. அரை டிராயர் போட்ட சிவப்பிரகாசம் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்து, கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான்.

“அப்ப என்ன பண்றது?”

“கண்ணை மட்டும் திருப்பிடலாம். இப்பல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. பாருங்க.”

சொன்னபடியே திருப்பினான். போன வருஷம் தம்பி ஜெயப்பிரகாஷ் உப்பளத்தில் எடுத்த படம் அது. அப்பா கையில் உப்பு வாரும் பலகையோடு நிற்பார். மவுசை நாலு தட்டுத் தட்டியதும் அப்பா அமுதவல்லியை நேருக்கு நேர் பார்த்தார். அவளுக்குச் சட்டென்று உடம்பு கூசியது. தெருவில் போகிற யாரோ ஓர் ஆள் உற்றுப் பார்ப்பதுபோல இருந்தது.

“வாட்ஸாப்ல அனுப்பு. அம்மாகிட்ட காட்டிட்டுச் சொல்றேன்.”

“இன்னிக்கே சொல்லிடுங்கக்கா. பிரேம் போடறவன் நாளைக்குக் கடை தொறக்க மாட்டான்.”

வீட்டில் அம்மா வைஜெயந்தி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்பா இறந்ததிலிருந்து அவள் இப்படி அசையாமல் இருந்து அமுதவல்லி பார்த்ததில்லை.

“இதையே போடச் சொல்லு,” என்றாள் அம்மா.

“ஏம்மா, அப்பா மாதிரியே இல்லியே.”

“இல்லாட்டி பரவால்ல. ஒரு படத்துலயாச்சும் என்னைப் பாக்கட்டும்.”

ஜெயப்பிரகாஷ் வாசலில் ஷாமியானாக்காரனோடு பேசிக்கொண்டிருந்தவன் உள்ளே எட்டிப் பார்த்தான். “அக்கா, ஓகே சொல்லிடு. எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணாத.”

“டேய், அப்பாவோட கண்ணுடா அது.”

“அந்தக் கண்ணு எந்நாளும் வெளியதான் இருந்துச்சு. இனிமேலாவது வீட்டுக்குள்ள இருக்கட்டும்.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை.

சிவப்பிரகாசம் குடும்பத்துக்குக் குறை வைத்தவர் இல்லை. அதை அம்மாவே சொல்வாள். கூலி வாங்கினால் நேராக வீட்டுக்குத்தான் வருவார். குடி கிடையாது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கழுவேலி ஏரிக் கரைக்குப் போவார். சேற்றில் கையை விட்டு நண்டு பிடித்து, மூன்று கல்லைக் கூட்டிக் கரையிலேயே குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுவார். எட்டத்தில் பறக்கிற பறவை பூநாரையா நாரையா என்று சிறகடிக்கிற விதத்திலேயே சொல்வார். அரை மைலுக்கு அப்பால் வரப்பில் வருகிறவர் யாரென்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் வீட்டுக்குள் கால் தங்காது. விருந்தாளி வந்தால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். டி.வி. பார்க்க மாட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தால், “நீயே படிச்சுச் சொல்லு,” என்று நீட்டிவிட்டு வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிடுவார். ராத்திரிப் படுக்கையும் வெளியேதான்.

“வீடு அவருக்குச் சட்டை மாதிரி,” என்பாள் அம்மா. “எப்படா கழட்டிப் போட்டுட்டுப் போலாம்னு இருப்பாரு.”

அமுதவல்லிக்கும் ஒரு படத்தின் மேல் மனக்குறை உண்டு. அவள் பிறந்தபோது எடுத்த படம். துணியில் சுற்றிய குழந்தையை அப்பா இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறார். ஆனால் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, துணியின் ஓரத்தைப் பார்க்கிறார். முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்ததில் முகம் திருப்பிக்கொண்டார் என்று ஒரு பெரியம்மா சொன்னது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனதில் கிடக்கிறது. அப்பாவிடம் கேட்டதில்லை. தோளில் தூக்கிக்கொண்டு போன மனிதரிடம் எப்படிக் கேட்பது?

குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் அவளுக்கு வேலை. சாவி மாறிப்போனாலும், தண்ணீர் வரவில்லை என்றாலும், எங்கே கோளாறு என்று நூல் பிடித்துக்கொண்டே போய்ப் பார்ப்பது அவள் சுபாவம். இப்போதும் படங்களையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தாள்.

அப்பா வெளியைப் பார்க்கிறார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அப்படியென்றால் கடற்கரையில் எடுத்த படத்தில் கடலைப் பார்த்திருக்க வேண்டும். கடல் அவருக்கு வலப்பக்கம் இருக்கிறது, அவரோ இடப்பக்கம் பார்க்கிறார். காதுகுத்துப் படத்தில் அவர் பார்க்கிற பக்கம் கோயில் மதில். திண்டிவனம் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் நாலு பக்கமும் திரை தொங்குகிறது. அங்கே ஏது வெளி?

இன்னொன்றும் தெரிந்தது. கேமரா முன்னால் நிற்கிற எல்லாப் படத்திலும் ஒரே பக்கம், ஒரே அளவு. கேமரா பிடித்தவரின் வலது தோளுக்குச் சற்று மேலே. கேமரா எங்கே நகர்ந்தாலும் அந்தப் பார்வையும் அதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. மேகத்தையோ பறவையையோ பார்க்கிறவர் கண் இப்படி ஒட்டிக்கொண்டு வருமா? பள்ளிக்கூடத்துப் படத்தில் மட்டும் பார்வை நேராக இருந்தது. அதற்குப் பிறகு ஏதோ நடந்திருக்கிறது.

“ஜேபி, நீ படம் எடுத்தப்ப எங்கடா நின்ன?”

“தெற்கால வரப்புல. ஏன்க்கா?”

“போயிட்டு வர்றேன்.”

“எங்க?”

“அப்பா என்னத்தைப் பாத்தாருன்னு பாக்க.”

“சுரேஷ் போன் பண்ணிக்கிட்டே இருக்கான்.”

“ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லு.”

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது அவள் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது. உப்பளத்துத் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் தண்ணீரை மண் குடித்துவிடும். அந்த இறுகிய தரையில் தண்ணீர் ஒரு சாண்கூட ஆழமில்லாமல் பரந்து நிற்பதால், காற்று ஓய்ந்துவிட்டால் வானம் அப்படியே அதில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். படத்தில் அப்பா நின்ற இடத்தில், அதே மாதிரி பார்த்து நின்றாள். அப்பாவின் கண் போன திசையில் பார்த்தாள். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல் ஒன்று. அதற்கு மேலே தூரத்தில் ஒரு செல்போன் டவர்.

‘செல்போன் டவரையா பாத்தாரு?’

“என்ன பாப்பா, உப்பு வாரப் போறியா?” என்று குரல் கேட்டது. சகாதேவன். அப்பாவோடு பள்ளிக்கூடத்திலிருந்து உப்பளம் வரை சேர்ந்தே இருந்தவர். அடுத்த பாத்தியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“மாமா, அப்பா இங்க நின்னு எதைத்தான் பாப்பாரு?”

“எதைப் பாக்கல? மேகத்தைப் பாப்பான். காத்து திரும்பறதைப் பாப்பான். நான் அந்தக் கோடியில ஒளிஞ்சு பீடி பத்த வெச்சா, இங்கருந்தே பாத்துட்டு ஓடியாந்து புடுங்கிப் போடுவான். எதிர்ல நிக்கறவன் மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டான். அதுக்குத்தான அவனுக்குக் கிரகணம்னு பேரு.”

“கிரகணமா? யாரு வெச்சது?”

“இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவோம். வீட்டுல சொன்னதில்லியா? நல்ல ஆளு!” சகாதேவன் வரப்பில் உட்கார்ந்தார். “நாங்க பசங்களா இருக்கறப்ப ஒரு பெரிய கிரகணம் வந்துச்சு. ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்குது. பஸ்ஸு கூட ஓடல. மேல பாத்தா கண்ணு போயிடும், தாம்பாளத்துல மஞ்சத் தண்ணி ஊத்தி அதுல பாருங்கன்னு எங்க வாத்தியார் சொல்லியிருந்தாரு. உங்கப்பன் சொன்னான், டேய், நம்மகிட்ட எம்மாம் பெரிய தாம்பாளம் இருக்குது, வாடான்னு. ரெண்டு பேரும் கொல்லப்பக்கமா நழுவி இங்க வந்துட்டோம்.”

“இந்தப் பாத்தியில பாத்தீங்களா?”

“அத ஏன் கேக்கற! பாத்திக்கு ஒரு சூரியன். ஒவ்வொண்ணும் கடிச்ச முறுக்காட்டம். நான் எங்கப்பாரு தேடுவாருன்னு பயந்துக்கிட்டு ஓடிட்டேன். அவன் வரல. கடைசி வரைக்கும் குந்திப் பாத்துட்டுத்தான் வந்தான்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன? கண்ணுல ஒரு பொட்டு நிக்குதுடான்னான். கொஞ்ச நாள் சொல்லிக்கிட்டு இருந்தான். பொறவு சொல்லல. போயிடுச்சின்னு விட்டுட்டேன். பார்வைதான் ஒரு மாதிரி ஓரமாப் போயிடுச்சு. ஸ்கூலுக்கும் வர்றதை நிறுத்திட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து உப்பு வார வந்துட்டோம்.”

தண்ணீரில் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பையன்கள் நினைத்ததில்தான் பிசகு. தலைக்கு மேலே நிற்கிற சூரியனின் வெளிச்சத்தைத் தண்ணீர் பெரும்பாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். சூரியன் சாயச் சாய அதே தண்ணீர் கண்ணாடியாகிக்கொண்டே போகும். அன்று கிரகணம் விட்டது சாயங்காலம். தாம்பாளத் தண்ணீர் ஆடும், அதைப் பார்க்கிறவர்களும் ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்வார்கள். உப்பளத்துத் தண்ணீர் ஆடாது. சிவப்பிரகாசமும் நகரவில்லை.

“இதோ, இந்தப் பாத்திதான்,” என்று சகாதேவன் கை நீட்டினார். அமுதவல்லி அந்தப் பக்கம் திரும்பினாள். சாய்ந்த வெயில் தண்ணீரில் பட்டுச் சுளீரென்று கண்ணில் அறைந்தது.

“பாக்காத பாப்பா!”

கண்ணை இறுக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். அவருக்கு முகம் இல்லை. வேட்டி தெரிந்தது, தோளில் துண்டு தெரிந்தது, காது இரண்டும்கூடத் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு பொட்டு. பொட்டை விலக்கிப் பார்க்கலாம் என்று கண்ணை நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தது. அவர் மூக்கைப் பார்த்தால் மூக்கில், வாயைப் பார்த்தால் வாயில் போய் உட்கார்ந்தது. எரிச்சலோடு அவர் தோளுக்கு மேலே பார்த்தாள்.

அங்கே பார்த்ததும் முகம் திரும்ப வந்துவிட்டது. மங்கலாகத்தான், ஆனாலும் முழுதாக. வெள்ளை மீசை, வெற்றிலைக் கறை, கவலையோடு சுருங்கின நெற்றி.

அமுதவல்லி கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை.

சகாதேவன் தன் வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். “யாரு வர்றது?”

“யாரும் வர்ல மாமா,” என்றாள். “உங்களைத்தான் பாக்கறேன்.”

நம் கண்ணுக்கு நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, ஒரு முகத்தை இன்னார் முகம் என்று அறிவது எல்லாம் அந்த இடத்தின் வேலை. சுற்றியிருக்கிற மற்ற இடமெல்லாம் பெரியவற்றையும் அசைகிறவற்றையும் பார்க்கும்: மேகம், பறவை, எட்டத்தில் நடந்து வருகிற ஆள். நடுவிடம் வெந்து போனால் மிச்ச இடத்தை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். அமுதவல்லியின் பொட்டு கொஞ்ச நேரத்தில் வெளுத்துக் கரைந்துவிட்டது. அப்பாவுக்கு அது கரையவே இல்லை.

டி.வி., பத்திரிகை, வந்த விருந்தாளியின் முகம் என்று வீட்டுக்குள் இருந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வெளியே வந்தால்தான் அவருக்குப் போதுமான அளவில் உலகம் இருந்தது.

“அப்ப அதனாலதான் அப்பா வீட்டுல தங்கறதில்லையா?” என்று கேட்டாள்.

சகாதேவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை ஆட்டினார். “அதெல்லாம் இல்ல. கிரகணத்துக்கு முன்னாடியும் அவன் வீட்டுல நின்னதில்ல. ஆத்துலயும் சேத்துலயும் கெடப்பான். நின்னிருந்தா கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்திருப்பான் இல்ல? கண்ணும் போயிருக்காது.”

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். ஜெயப்பிரகாஷ் போனைக் காட்டினான். “சுரேஷ் லைன்ல இருக்கான். ஓகே சொல்லிடவா?”

“இரு. அம்மா, இங்க பாரு.” அமுதவல்லி அடுப்படி லைட்டை அணைத்துவிட்டு, தன் போனை நீட்டி ஒரு படம் எடுத்தாள். ஃபிளாஷ் பளீரென்றது.

“அடியேய்! கண்ணு கூசுது. என்ன விளையாட்டு இது, இந்த நேரத்துல?”

லைட்டைப் போட்டாள். “இப்ப என் மூஞ்சியப் பாரு.”

“தெரியல போ. நடுவுல பச்சையா மறைக்குது.”

“என் வலது தோளுக்கு மேல பாரு. இப்ப?”

அம்மா பார்வையை நகர்த்தினாள். அவள் கண் இரண்டும் அமுதவல்லியின் தோளுக்கு மேலே போய் நின்றன. இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய அதே பார்வை இப்போது அம்மாவின் முகத்திலிருந்து வந்தது. தெரிந்திருந்தும் அமுதவல்லியின் கழுத்து பின்னால் திரும்பத் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“இப்ப தெரியுது,” என்றாள் அம்மா. “மூக்குல வேர்த்திருக்குது.”

“அப்பா இப்படித்தாம்மா பாத்திருக்காரு. எல்லாரையும்.”

கிரகணக் கதையை அவள் சொல்லி முடிக்கும்வரை அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. முடிந்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

“ஊருல இருக்கறவனுக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது! பொட்டு தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன பொறந்த வீட்டுக்கா போயிடுவேன்?”

“சொன்னா கல்யாணம் நின்னுடும்னு அப்ப பயந்திருப்பாரும்மா.”

“கல்யாணத்துக்கு அப்பறம்?”

அதற்கு ஜெயப்பிரகாஷ் மெதுவாகச் சொன்னான்: “அப்பறம் நீ டெய்லி அவரைத் திட்டிக்கிட்டு இருந்த. நடுவுல எங்க சொல்றது?”

“போடா!” என்று கரண்டியை ஓங்கினாள். ஓங்கின கை பாதியில் நின்றது. எதையோ கணக்குப் போடுகிறவள்போல அம்மா நின்றாள்.

“அப்ப, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு?”

“என்ன அன்னிக்கு?”

“பிரம்மதேசத்துல எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. காபி குடுத்துட்டு நான் செவுத்தோரமா நின்னேன். எனக்குப் பக்கத்துல ஜன்னல். அவங்க போனப்பறம் எங்க மாமா சொல்றாரு, பையன் ரொம்ப அடக்கம், பொண்ணு பக்கமே திரும்பல, ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தான்னு. அதைக் கேட்டுத்தான் நான் சரின்னு சொன்னேன்.”

அமுதவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஜன்னல் உனக்கு எந்தப் பக்கம்?”

அம்மா அந்தப் பழைய வீட்டை மனதுக்குள் கட்டி, அதில் சுவரோரமாக நின்று பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கினாள்.

“அடப்பாவி மனுஷா,” என்றாள். “காபி ஆறிப்போற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாரே!”

வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிள்ளைகள் இருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அமுதவல்லி கூடத்துக்குப் போய், தரையில் கிடந்த படங்களில் தான் பிறந்தபோது எடுத்த படத்தை எடுத்தாள். துணியின் ஓரத்தில் இருந்த அப்பாவின் கண்ணிலிருந்து குழந்தையின் முகத்துக்கு எவ்வளவு தள்ளி என்று விரலால் அளந்து பார்த்தாள். அளந்த விரலைப் படத்திலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஜெயப்பிரகாஷ் போனில் பேசிக்கொண்டிருந்தான். “கண்ணைப் பழையபடியே வெச்சிடு சுரேஷு... ஆமா, அந்தப் பக்கம்தான்... இல்லப்பா, அதுதான் நேரா பாக்கறது.”

காரியத்தன்று காலையில் பந்தல் நிறைந்திருந்தது. உப்பளத்து ஆட்கள், பிரம்மதேசத்து உறவுக்காரர்கள், கூனிமேட்டிலிருந்து உப்பு ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் என்று எல்லோரும் நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்து நின்றார்கள். சகாதேவன்தான் துணியை விலக்கினார். உப்பளத்து வெயிலில், வாரு பலகையோடு, அரைச் சிரிப்போடு சிவப்பிரகாசம் நின்றார்.

யாரும் யாருக்கும் சொல்லாமல், அங்கிருந்த தலைகளில் பாதிக்கு மேல் வலது தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்த்தன. பின்னால் ரோடும், அதற்கப்பால் உப்பு வெளியும், அதன்மேல் பறந்துபோகிற நாலைந்து நாரைகளும் இருந்தன.

முதல் வரிசையில் பூவோடு நின்ற வைஜெயந்தியின் கழுத்தும் பழக்கத்தில் லேசாகத் திரும்பத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிறவள்போல, படத்துக்கு நேராக, நிமிர்ந்து நின்றாள்.